மருந்து இலவசம்தான்... பஸ் காசு?

கடந்த டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினம். காலை நிகழ்ச்சியில் இரண்டு பாடல்களுக்கு நடுவே எனக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். "நம் நாட்டில் அரசாங்க மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். பணம் இல்லையே என்று யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம், நேயர்களே" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலைப் போட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து ஹெட்ஃபோனைக் கழற்றும்போது தொலைபேசியில் ஒரு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. போட்டிக்குப் பதில் சொல்ல அழைத்தவராக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"தங்கச்சி, இது ரேடியோல போவுதா?"

"இல்லக்கா. நிகழ்ச்சி முடிஞ்சிருச்சி. சொல்லுங்க."

"நீங்க சொன்னது சரிதாம்மா. மருந்து இலவசம்தான். நான் பதினோரு வருசமா சாப்பிடறேன். ஆனா அந்த மருந்த வாங்கிட்டு வர எனக்கு எவ்வளவு செலவாவுதுன்னு நீங்க யாராவது கேட்டிருக்கீங்களா?"

நான் கேட்டதில்லை. வானொலிக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் இந்த நோயைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, பரிசோதனை எங்கே செய்யலாம் என்பதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஏற்கெனவே நோயோடு வாழ்கிற ஒருவர் மாதக் கடைசியில் எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

அன்று அரை மணி நேரம் பேசினோம். பிறகு நேரில் சந்திக்கலாமா என்று கேட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் இங்கே வராது. அவரை அக்கா என்றே அழைக்கிறேன்.

அக்காவின் கணக்கு

தன் தாமானிலிருந்து இரண்டு ஊர் தள்ளி இருக்கும் ஓர் உணவு அங்காடியை அவரே தேர்ந்தெடுத்தார். தெரிந்தவர் யாரும் வரமாட்டார்களாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். கல்யாணத்திற்கு முன்னும் பின்னும் செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை. கணவர் லாரி ஓட்டினார். அவர் உடம்பு இளைத்து, காசநோய் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. கணவர் பிழைக்கவில்லை. அக்காவைப் பரிசோதித்தார்கள், அவருக்கும் இருந்தது. அக்கா இப்போது ஒரு குத்தகையாளரிடம் துப்புரவுத் தொழிலாளி. அலுவலகக் கட்டடம் ஒன்றில் மூன்று மாடிகளைக் கூட்டித் துடைக்கிறார்.

கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். பின்பக்கம் பழைய மின்சாரக் கட்டண ரசீது. முன்பக்கம் பென்சில் கணக்கு.

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் அவ்வளவுதான். மாத்திரைக்கு எதுவும் இல்லை. அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் நான் அறியாதவை. காலையில் இரண்டு பஸ். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் கிராப். சீக்கிரம் எண் எடுக்காவிட்டால் மதியம் வரை காத்திருக்க வேண்டும், அப்போது சாப்பாடு. திரும்ப இரண்டு பஸ். கடைசி வரியில், அன்றைய சம்பளம்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு இதை நாள் கணக்காகப் பிரித்தால் 65 வெள்ளி 38 சென். அக்காவின் ஒரு நாள் கூலி இதுதான். பஸ், கிராப், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஒரு தடவை போய்வர ஏறக்குறைய நூறு வெள்ளி. டாக்டரைப் பார்க்க ஒரு நாள். அதற்குச் சில வாரம் முன்னதாக ரத்தம் கொடுக்க ஒரு நாள். மாத்திரை தீரத் தீர வாங்கி வர வேறு நாள்கள்.

"மாத்திரைக்கு வெல இல்ல, தங்கச்சி. எனக்குத்தான் வெல" என்றார்.

சட்டப்படி சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு இருக்கிறதே என்று கேட்டேன். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, வேலை பார்த்த ஆண்டுகளைப் பொறுத்து வருடத்திற்கு 14 நாள் முதல் 22 நாள் வரை அப்படி விடுப்பு எடுக்கலாம். அக்காவுக்கும் அது தெரியும். சிக்கல் வேறிடத்தில். உடம்பு சரியில்லை என்று போனால் எம்.சி. தருவார்கள். முன்பே குறித்த நாளில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் பெரும்பாலும் டைம் சிலிப்தான். அந்தச் சீட்டில் எந்தப் பிரிவு என்று முத்திரை விழுந்திருக்கும். அதைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும். அக்கா அங்கே இனிப்பு நீர் என்று சொல்லி வைத்திருக்கிறார். முத்திரை வேறு கதை சொல்லிவிடுமே! அதனால் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொள்வார்.

நான்கு வருடத்திற்கு முன் ஒரு சமயம். மகனுக்கு மோட்டார் சைக்கிள் விபத்து, வீட்டு வாடகை பாக்கி. மருத்துவமனைக்குப் போகிற நாளை ஒரு முறை தள்ளினார். கையில் இருந்த மாத்திரையை நீட்டிக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டார். உடம்புக்கு எதுவும் செய்யவில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இன்னொரு முறையும் தள்ளினார்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வைரஸ் அளவு ஏறியிருந்தது. பழைய மருந்து இனி வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னார்.

பாதி மருந்தில் பிழைத்த புல்

மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பல மருத்துவர்கள் எனக்கு விளக்கியிருக்கிறார்கள். அக்கா சொன்ன விளக்கம்தான் மனத்தில் நின்றது.

"தோட்டத்துல மருந்து அடிச்சவ நான். தண்ணி அதிகமா கலந்து, மருந்தக் கம்மியா அடிச்சா என்னா ஆவும்? பாதி புல் சாவும். மிச்சம் பொழச்சி நிக்கும். அடுத்த தடவ அதே மருந்த அடிச்சா அது அசையாது. டாக்டர் எனக்கு அதத்தான் சொன்னாரு. எனக்கு ஒடனே வெளங்கிருச்சி. என்னா, லேட்டா வெளங்குச்சி."

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் ஓயாமல் தன்னைப் பிரதியெடுக்கிறது. பிரதியெடுக்கும்போது நிறையப் பிழை விடும். ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருந்தால் பிரதியெடுப்பே நின்றுபோகும். அளவு குறையும்போது, அந்த மருந்தைத் தாங்கக்கூடிய ஒரு பிழைப்பிரதி தப்பித்துப் பெருகிவிடுகிறது. அப்புறம் அந்த மருந்து பயன்படாது. இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற வேண்டும்.

நாள் தவறாமல் சாப்பிட்டால் நடப்பதே வேறு. சில மாதங்களில் கிருமியின் அளவு சாதாரணப் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் நீடிக்கும் ஒருவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழி கிருமி இணையருக்குப் போவதில்லை. ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான இணையர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2016இலும் 2019இலும் முடிவுகளை வெளியிட்ட ஓர் ஆய்வில், இப்படி ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. ஆக, ஒருவருக்கு நாள் தவறாமல் மாத்திரை கிடைப்பது அவர் ஒருவரின் நலன் மட்டும் இல்லை. அவருக்கு நூறு வெள்ளி இல்லாமல் போனால் அதன் விளைவு அவரோடு நின்றுவிடுவதில்லை.

1,200 வெள்ளியிலிருந்து இலவசம் வரை

"இலவசம்" என்று நான் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போன வார்த்தை எப்படி வந்தது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் கண்டறியப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1996 வாக்கில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை உலகில் வந்தது. இறந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் விலை காப்புரிமை வைத்திருந்த பன்னாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம் ஆண்டுக்கு 350 அமெரிக்க டாலருக்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, இந்தக் கூட்டு மருந்தைத் தருவதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

அதே ஆண்டில் நம் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஒரு நோயாளிக்கு மாதம் சராசரியாக 315 டாலர் செலவானது. அன்று ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிலையாகக் கட்டப்பட்டிருந்தது. கணக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 1,200 வெள்ளி. தோட்டத்து வீட்டில் இதைக் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

2003 அக்டோபர் இறுதியில் அரசாங்கம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. காப்புரிமைச் சட்டத்தில் அரசாங்கத்திற்கு இருக்கும் உரிமையைப் பயன்படுத்தி, நிறுவனங்களின் சம்மதம் இல்லாமலேயே, சிப்லாவின் மருந்துகளை அரசாங்க மருத்துவமனைகளுக்காக இறக்குமதி செய்ய அனுமதித்தது. நவம்பர் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்த அனுமதி. ஆசியாவில் இப்படிச் செய்த முதல் நாடுகளில் நம் நாடும் ஒன்று. மாதச் செலவு 315 டாலரிலிருந்து 58 டாலராக இறங்கியது. முன்பு 1,500 பேருக்குத்தான் சிகிச்சை தர முடிந்தது. பிறகு 4,000 பேருக்குத் தர முடிந்தது. 2006 முதல் முதல்கட்ட மருந்துகள் இலவசமாயின.

இன்னொரு வெற்றியையும் சொல்ல வேண்டும். 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிறார்கள். தொற்று இருந்தால் தாய்க்கும் பிறக்கும் குழந்தைக்கும் மருந்து. 2018இல், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று தந்தது. மேற்கு பசிபிக் வட்டாரத்தில் முதலில் அதைப் பெற்றது நாம்தான்.

ஆக, இலவசம் என்ற சொல் பொய்யல்ல. பலர் போராடி வாங்கித் தந்த சொல். ஆனால் அது மருந்தகத்தின் கவுன்டரோடு முடிந்துவிடுகிறது. கவுன்டர் வரை வருவதற்கான செலவும், அந்த மருந்து கைவிட்டால் அடுத்து வரும் மருந்தின் செலவும் அதற்கு வெளியே நிற்கின்றன.

இரண்டாம் கட்டம்

முதல்கட்டத்தில் இருக்கும் இலவசம் இரண்டாம் கட்ட மருந்துகள் எல்லாவற்றுக்கும் அப்படியே பொருந்துவதில்லை. எந்த மருந்து, எந்த மருத்துவமனை என்பதைப் பொறுத்து மாறும். நோயாளியே வாங்க வேண்டிய நிலை வந்தால் மாதம் நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகலாம்.

விலை ஏன் இவ்வளவு? உலக வங்கியின் பட்டியலில் மலேசியா உயர்நடுத்தர வருமான நாடு. ஏழை நாடுகளுக்கு மலிவு விலை மருந்துக்கு அனுமதி தரும் ஒப்பந்தங்களில் நம் பெயர் பெரும்பாலும் இருக்காது. டோலுடெக்ராவிர் என்ற புதிய, வலுவான மருந்து பல ஏழை நாடுகளுக்கு மலிவாகக் கிடைத்தபோது நமக்குக் கிடைக்கவில்லை. 2020 நவம்பரில்தான் மலேசியா, கசகஸ்தான், அசர்பைஜான், பெலாருஸ் ஆகிய நான்கு நாடுகளுக்காகத் தனி ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. நாடு உயர்நடுத்தர வருமானத்தில் இருக்கலாம், அக்கா இல்லையே.

மருந்து மாற்ற வேண்டும், கொஞ்சம் செலவாகும் என்று சொல்லப்பட்டபோது அக்கா எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. "யோசிச்சி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். யோசித்தது, மாத்திரையை அடியோடு விட்டுவிடலாமா என்று. அந்த வாரம்தான் என் மூன்று நிமிடப் பேச்சு வானொலியில் வந்தது.

அடுத்த கதவு

அக்காவோடு நானும் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் அறைக்கு அல்ல, அதே கட்டடத்தில் இருந்த இன்னோர் அறைக்கு. பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. மலாயில் ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான். பதினோரு வருடமாக அந்த அறையைக் கடந்துதான் அக்கா மருந்தகத்திற்குப் போயிருக்கிறார். என்ன அறை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

உள்ளே இருந்த அதிகாரி இளம் மலாய்ப் பெண். முதலில் கதவைச் சாத்தினார். பிறகு அக்காவுக்குத் தண்ணீர் போத்தல் ஒன்றைத் தந்தார். என்ன நோய், எப்படி வந்தது என்று ஒரு கேள்வியும் இல்லை. வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், வாடகை எவ்வளவு, சம்பளச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அக்கா அந்த மின்சார ரசீதைத் திருப்பிப் பென்சில் கணக்கைக் காட்டினார். அதிகாரி அதையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டார்.

அன்று நாங்கள் தெரிந்துகொண்டவை இவை. மருந்தின் விலையைக் கட்ட முடியாத குறைந்த வருமான நோயாளிகளுக்கு மலேசிய எய்ட்ஸ் அறவாரியம் ஒரு மருந்து உதவித் திட்டத்தை நடத்துகிறது. இரண்டாம் கட்ட மருந்துக்கு மாற வேண்டியவர்களை மனத்தில் வைத்தே அது தொடங்கப்பட்டது. மருத்துவர் மருந்தைக் குறிப்பிட்டுக் கடிதம் தர வேண்டும். வருமானத்திற்குச் சான்று வேண்டும். இதுபோக, சுகாதார அமைச்சிடம் தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்ற மருத்துவ உதவி நிதி இருக்கிறது. வசதி குறைந்த மலேசியர்களுக்கு, மருத்துவமனை இலவசமாகத் தர முடியாத மருந்துக்கும் கருவிக்கும் உதவும் நிதி. எச்.ஐ.வி.க்கு மட்டுமானதல்ல. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: மருத்துவரிடம் வாய் திறந்து "என்னால் கட்ட முடியாது" என்று சொல்ல வேண்டும், அவர் சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்தது பஸ் காசு. வாரிசான் போலத் தலைமுறைக்கும் ஒரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. ஒரு மருத்துவமனையில் எழுதிய மருந்தின் அடுத்தடுத்த பங்கை வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கின் மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஸ்புப் என்று கேட்டால் மருந்தகத்தில் தெரியும். தபாலில் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. எல்லா மருந்துக்கும், எல்லா இடத்திலும் இவை கிடைத்துவிடாது. கேட்டால்தான் தெரியும். எச்.ஐ.வி. சிகிச்சையே இப்போது குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கும் பல சுகாதாரக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. அங்கே பதிவுக் கட்டணம் 1 வெள்ளி.

பக்கத்துக் கிளினிக் என்றதும் அக்கா தலையாட்டினார்.

"அங்க வேணாம். எங்க தாமான் பொண்ணு ஒண்ணு அங்கதான் வேல செய்யுது."

தபால்?

"மருமவ பிரிச்சிப் பாப்பா."

அதிகாரி சிரிக்கவில்லை, சலித்துக்கொள்ளவும் இல்லை. இப்படிப்பட்ட பதில்கள் அவருக்குப் புதிதல்ல போலும். வேறு கிளினிக்குகளின் பட்டியலைப் பார்த்து, ஒரே பஸ்ஸில் போகக்கூடிய அடுத்த ஊர்க் கிளினிக் ஒன்றைச் சொன்னார். அக்காவுக்கு வாரத்தில் புதன்கிழமைதான் ஓய்வு நாள். புதன்கிழமை போனால் கூலி போகாது. டைம் சிலிப்பும் வேண்டாம். எங்கள் மூவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மனுவுக்குப் பதில் வரச் சில வாரம் பிடித்தது. நடுவில் ஒரு கடிதம் குறைகிறது என்று இன்னொரு நாள் அலைந்தார். கடைசியில் மருந்துக்கு உதவி கிடைத்தது. டாக்டரைப் பார்க்கவும் ரத்தம் கொடுக்கவும் இன்னும் பழைய இரண்டு பஸ்தான். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார்.

வெளியே நிற்பவர்கள்

இந்த உதவி எதற்கும் முதலில் கேட்பது மைகாட். நம் சமுதாயத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாமல், அதனால் மைகாட்டும் இல்லாமல் வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. குடிமகன் என்று நிரூபிக்க முடியாதவர் மருத்துவமனையில் வெளிநாட்டவருக்குரிய கட்டணத்தையே எதிர்கொள்ள நேரிடும். மைகாட் விவகாரத்தை ஏதோ பள்ளி சேர்க்கைப் பிரச்சினை என்று நினைப்பவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறவர்களின் நிலை வேறு. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தால் அனுமதி கிடைக்காது. ஊர் திரும்ப வேண்டியதுதான். கடன் வாங்கி வந்தவருக்கு அது இடி. அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்தியாவில் 2004 முதல் அரசாங்கக் கூட்டு மருந்துச் சிகிச்சை மையங்களில் இந்த மருந்து இலவசம். முதலில் தொடங்கிய மையங்களில் சென்னை தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. ஊருக்குப் போனதும் வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாமல் மையத்தில் பதிந்துகொண்டால் உயிர் நிற்கும்.

நம் பங்குக்கு

நம் நாட்டில் புதிதாகத் தொற்று கண்டறியப்படுபவர்களில் பெரும்பாலோர் 20 முதல் 39 வயதுக்குள் இருப்பவர்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலரின் வயது. உங்கள் அலுவலகத்தில், உங்கள் குடும்பத்தில், உங்கள் கோயில் நிர்வாகத்தில் ஒருவர் இருக்கலாம். யார் என்று தேட வேண்டாம். தேடாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன.

மனிதவளப் பிரிவில் வேலை பார்ப்பவரா நீங்கள்? டைம் சிலிப்பில் எந்தப் பிரிவின் முத்திரை என்று ஆராயாதீர்கள். தேதியும் நேரமும் போதும். வேலையிடத்தில் எச்.ஐ.வி. தொடர்பான நடைமுறைக் கோவை ஒன்று 2001இலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. ஊழியரின் ரகசியத்தைக் காப்பதும் பாகுபாடு காட்டாததும் அதில் உண்டு. உங்கள் நிறுவனம் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விட்டிருந்தால், அந்தத் தொழிலாளர்களுக்கு மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் கிடைக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள்.

சங்கத்திலோ கோயிலிலோ உதவி நிதி வைத்திருப்பவரா? மருத்துவமனைப் போக்குவரத்துக்கு என்று ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். என்ன நோய் என்று கேட்காமல், மருத்துவமனைக்குப் போகும் தேதியை மட்டும் பார்த்துக் கொடுக்கலாம். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவருக்கும் அது உதவும். அந்த வரிசையில் அக்காவும் யாருக்கும் தெரியாமல் நிற்கலாம்.

கேட்டுப் பார்க்க வேண்டியவை

உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ தேவைப்பட்டால், இந்தப் பகுதியை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம்: பண நெருக்கடி என்றால் மாத்திரையைக் குறைத்துச் சாப்பிடுவதற்கு முன்பே சொல்லுங்கள். சமூகப் பணிப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

சமூகப் பணிப் பிரிவில்: மலேசிய எய்ட்ஸ் அறவாரியத்தின் மருந்து உதவித் திட்டம், தாபோங் பந்துவான் பெருபாத்தான் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மைகாட், குடும்பத்தினரின் சம்பளச் சீட்டு, வாடகை, மின்சார ரசீதுகளின் பிரதிகள் கையில் இருக்கட்டும். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வருமானத்தை எப்படி உறுதிப்படுத்துவது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும்.

மருந்தகத்தில்: ஒரு தடவையில் எத்தனை மாதத்திற்குத் தர முடியும், ஸ்புப் வழி வேறு கிளினிக்கில் வாங்கலாமா, தபாலில் வருமா.

குழந்தைகள் இருந்தால்: எச்.ஐ.வி.யோடு வாழும் அல்லது அதனால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மலேசிய எய்ட்ஸ் அறவாரியத்தில் தனி நிதி உண்டு.

வீட்டுச் செலவுக்கு: சமூக நல இலாகாவின் மாதாந்திர உதவிக்கு மாவட்ட அலுவலகத்தில் மனுச் செய்யலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தாலியான் காசே 15999. சந்தாவில் இருப்பவர்கள் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்தைப் பற்றியும் கேட்கலாம்.

பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால்: மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோடு இணைந்த அமைப்புகள் பல ஊர்களில் இருக்கின்றன. சில மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே வந்து புதிய நோயாளிகளுக்குத் துணையிருக்கிறார்கள். எந்த அறையின் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அடுத்த ஊர்க் கிளினிக்கில் மாத்திரை வாங்கிவிட்டாராம். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். ஓட்டுநர் நம் வானொலியைத்தான் வைத்திருக்கிறார். ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொல்லி, அதைப் போட முடியுமா என்று கேட்டிருந்தார். கீழே ஒரு வரி: "பேரு சொல்ல வேணாம்."

பெயர் சொல்லவில்லை. பாட்டைப் போட்டேன்.